கை அரிக்குது: பழஞ்சாமான் வாங்காம இருக்க முடியல, ஒரு ஜோடிக் கதவு விஷயமா யோசனை வேணும்

#1 மங்குக்கிண்ணம் · காரைக்குடி

எல்லாருக்கும் வணக்கம். ஒரு வார்த்தையில ஆரம்பிச்சு ஒரு கதவுல போய் நிக்கிற கேள்வி இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க.

இங்கிலீஷ் குறுக்கெழுத்துப் போட்டியில ‘காக்கோயெத்தீஸ்’னு ஒரு விடை வந்துச்சு. அடக்கவும் முடியாது, அடக்காட்டி கெடுதலும் வரும், அப்படிப்பட்ட ஆசைக்குப் பேராம். தேடிப் பாத்தா, கிரேக்கத்துல கெட்ட சுபாவம்னு பொருள். ரோமாபுரியில மருத்துவம் எழுதின செல்சஸ், புற்றுநோயோட முதல் கட்டத்துக்கு இந்தப் பேரைச் சொல்றார். அவருக்குப் பிறகு வந்த ஜுவனல்ங்கிற கவிஞர், எழுதியே தீரணும்ங்கிற தீராத வியாதி பல பேரைப் பிடிச்சு ஆட்டுதுன்னு தன் ஏழாவது அங்கதப் பாட்டுல கேலி பண்ணப்போ இதே சொல்லைப் போட்டிருக்கார். புண்ணுக்கு வச்ச பேரு ஆசைக்கு ஆகிப்போச்சு.

எனக்கு எழுதுற வியாதி கிடையாது. எங்க ஊர்ப் பழஞ்சாமான் கடைத்தெரு இருக்கே, முனீஸ்வரன் கோயில் தெரு, அந்த வியாதி. மருந்து வாங்கக் கிளம்பினாலும் வண்டி அந்தப் பக்கம்தான் திரும்புது. முதல்ல மங்குச் சாமான், அதான் எனாமல் பூசின இரும்புப் பாத்திரம். அடியில ‘மேட் இன் ஸ்வீடன்’, ‘செக்கோஸ்லோவாகியா’ன்னு முத்திரை தெரிஞ்சா கை வைக்காம வர முடியாது. நீல விளிம்புத் தட்டு, மூடி தொலைஞ்ச கூஜா, அடுக்குத் தூக்கு. அப்புறம் பித்தளைப் பூட்டு, பெல்ஜியம் கண்ணாடி, ரவிவர்மா படம். இப்ப மரத்துக்கு வந்திருக்கேன். ஏற்கனவே ஒரு நிலைக்கதவு கார் ஷெட்டுல சாஞ்சு கிடக்கு, கார் தெருவுல வெயில் காயுது. எவ்வளவு செலவாச்சுன்னு வீட்டுல முழுசாத் தெரியாது.

இப்ப ஒரு கடைக்காரர் போட்டோ அனுப்பியிருக்கார். பர்மாத் தேக்கு, ரெட்டைக் கதவு, சூரியப்பலகையில (கதவுக்கு மேல இருக்குற செதுக்குப் பலகை) கஜலட்சுமி, ரெண்டு பக்கமும் கிளி. இன்னும் வீட்டுலேயேதான் மாட்டியிருக்கு, வீட்டை இடிக்கப் போறாங்களாம். வெள்ளிக்கிழமைக்குள்ள சரின்னு சொன்னா எனக்கு, இல்லேன்னா கேரளாவுக்குப் போயிரும்ங்கிறார். வாங்கலாமா?

#2 கொட்டான் · தேவகோட்டை

இதுக்குக் கிரேக்கம் வேறயா? கை தினவுன்னா முடிஞ்சு போச்சு. வாங்காதீங்க. (நான் போன வாரம் நெல் அளக்கிற மரக்கால் ஒண்ணு வாங்கினதை இங்க யாரும் கேக்கப்படாது.)

#3 கவுனி அரிசி · புதுக்கோட்டை

தம்பி, செலவு வீட்டுல முழுசாத் தெரியாதுன்னு நினைக்கிறீக பாருங்க, அது உங்க நினைப்பு. அவுகளுக்குத் தெரியும். நீங்களா எப்ப வாயைத் திறப்பீகன்னு பாத்துக்கிட்டு இருப்பாக.

எங்க வீட்டுச் செட்டியாருக்குக் கடிகாரம். சாவி கொடுக்கிற சுவர்க் கடிகாரமா மாட்டி, பட்டாலைங்கிற கூடத்துச் சுவத்துல சுண்ணாம்பே தெரியாது. எதுவும் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப் போகாது. மத்தியானம் பன்னெண்டு அடிக்க ஆரம்பிச்சா எல்லாம் அடிச்சு ஓயறதுக்குள்ள சோறு ஆறிரும். ஒண்ணு உள்ள வரணும்னா ஒண்ணு வெளிய போகணும்னு சட்டம் போட்டேன். மனுசர் சின்னதா ரெண்டைக் கொண்டுபோய்க் கொடுத்துட்டு, ஆள் உசரத்துக்கு ஒண்ணைத் தூக்கிக்கிட்டு வந்துட்டாக. கணக்குப்படி ஒண்ணு குறைஞ்சிருக்காம்!

எனக்கும் அந்தத் தெரு தெரியும். எங்க ஆத்தா நான் பொறந்த வருசமே சாமான் சேக்க ஆரம்பிச்சாக. பித்தளை, வெண்கலம், எவர்சில்வர், மங்கு, எல்லாம் டஜன் கணக்குல. கல்யாணத்தன்னிக்குப் பரப்பி வச்சா வளவு (நடு முற்றம்) நிறையும். ஒவ்வொண்ணுலயும் விலாசம், அதான் குடும்பத்துப் பேரெழுத்து, வெட்டியிருக்கும். ஒருநா அந்தத் தெருவுல ஒரு கங்காளத்தைப் புரட்டிப் பாத்தா எங்க ஆயா வீட்டு விலாசம். விலை கேட்டேன், சொன்னாக. வச்சுட்டு வந்துட்டேன். ஆயா வீடே பூட்டிக் கிடக்கு, கங்காளத்தை வாங்கி எங்க கொண்டுபோய் வைக்க?

#4 உளியும் கடையும் · காரைக்குடி

ஐயா, ஆச்சி, வணக்கம். நான் அதே தெருவுல தொழில் பண்றவன், போட்டோ அனுப்புனது நான் இல்லை. வாங்குறதும் வாங்காததும் உங்க இஷ்டம், ஏமாறாம இருக்க நாலு விஷயம் சொல்றேன்.

மங்குச் சாமான்ல செக்கோஸ்லோவாகியா முத்திரை இருந்தா அது 1918-க்குப் பிறகு வந்தது. அந்த நாடே அப்பத்தான் பொறந்துச்சு. அதைக் காட்டி நூத்தம்பது வருசப் பழசுன்னா சிரிச்சுட்டு வந்துருங்க. ‘ஆக்குப்பைடு ஜப்பான்’னு பீங்கான்ல போட்டிருந்தா அமெரிக்காக்காரன் ஜப்பானைப் பிடிச்சு வச்சிருந்த 1945-லேர்ந்து 1952 வரைக்கும் உள்ளது.

ரவிவர்மா படத்துக்கு ஒரு பூதக்கண்ணாடி போதும். அவரு அச்சகம் ஆரம்பிச்சது 1894. கல்லச்சுல புள்ளி தாறுமாறா, மணலை அள்ளித் தெளிச்சாப்புல இருக்கும். புள்ளியெல்லாம் வரிசையா, சின்னச் சின்னப் பூவா அடுக்கி நின்னா அது நேத்து ஆப்செட்ல அடிச்சது, சட்டம் மட்டும் பழசு.

பித்தளையை ஆசிட்டுல முக்கிப் பழசாக்குறாங்க. பச்சை பொடியா விரல்ல ஒட்டுதான்னு பாருங்க. நெசமான பழசு கைபடுற இடத்துலதான் தேஞ்சிருக்கும்: பிடி, விளிம்பு, அடி. சுத்தி ஒரே மாதிரி தேஞ்சிருந்தா சந்தேகப்படுங்க.

கதவுக்கு வருவோம். பழைய கதவுக்குக் கீல் கிடையாது, குடுமிதான்: கதவோட மேலயும் கீழயும் நீட்டிக்கிட்டு இருக்குற முனை, நிலையில உள்ள குழியில நின்னு சுத்தும். குடுமி ஒரு பக்கமாத் தேஞ்சு, குழியும் அதுக்கேத்தாப்புல நீண்டிருக்கும். ரெண்டையும் சேத்து வச்சுப் பாக்கணும். கதவு ஒரு வீடு, நிலை ஒரு வீடுன்னு ஜோடி சேத்து விக்கிறவங்க இங்கேயே இருக்காங்க.

இன்னொண்ணு, இதை எவரும் வாங்குறவர்கிட்ட சொல்ல மாட்டாங்க. நிலையோட வந்தாத்தான் விலை. நிலையைச் சேதமில்லாம எடுக்கணும்னா மேல இருக்குற சுவரை முதல்ல இறக்கணும். ஆக, கதவு மட்டும் போதும், வீடு அப்படியே நிக்கட்டும்னு சொல்ல வழியில்லை.

#5 பச்சைக்கொடி · கோயம்புத்தூர்

கதவாவது தேக்கு, விறகு விலைக்காவது போகும். எங்க சொந்தத்துல ஒரு பையன் போன்லேயே பங்குச் சந்தை ஆப்ஷன்ஸ் ஆடி வீட்டுமனையை வித்துட்டான். சந்தையைக் கண்காணிக்கிற செபி 2024 செப்டம்பர்ல வெளியிட்ட ஆய்வு பாத்தீங்களா? 2021-22 தொடங்கி மூணு நிதியாண்டுல இந்தச் சூதுல இறங்கின தனிநபர் ஒரு கோடிக்கு மேல. அதுல 93 சதவீதம் பேருக்கு நட்டம். மொத்தமா போனது 1.8 லட்சம் கோடிக்கும் மேல. அந்தக் கிரேக்க வார்த்தைக்குச் சரியான உதாரணம் அதுதான். வட்டிக்கணக்கை வாயாலயே போட்டவங்க பேரப்பிள்ளைங்க நாம…

#6 மட்டுறுத்துநர்

பங்குச் சந்தைக்குத் தனி இழை இருக்கு, அங்க தொடருங்க. இங்க கதவு.

#7 ரெண்டாங்கட்டு · சென்னை

மங்குக்கிண்ணம் அண்ணனை எல்லாரும் நோயாளியாகப் பார்ப்பதால் மறுபக்கம் கொஞ்சம் சொல்கிறேன்.

காரைக்குடிக்குப் பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். பெயர்ப்பலகை எழுதுகிற ஓவியர். பழைய தமிழ்ப் புத்தகம் என்றால் விடமாட்டார். புத்தகம் மட்டுமா, பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் எடைக்குப் போடுகிற எல்லாவற்றையும் சேர்த்தார். அந்தக் காலத்தில் அக்கம்பக்கத்தில் என்ன பேசியிருப்பார்கள் என்று நமக்கே தெரியும். 1992-ல் அவர் காலமானபோது ஏறத்தாழ 50,000 புத்தகங்கள், மற்றவற்றையும் சேர்த்தால் ஒரு லட்சம் உருப்படி. சிகாகோ பல்கலைக்கழகம் அதை மொத்தமாக வாங்கி நாட்டை விட்டு எடுத்துப் போகாமல் சென்னையிலேயே வைக்க ஏற்பாடு செய்தது. அப்படி 1994-ல் வந்ததுதான் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் அச்சைப் பற்றி எழுதுகிறவர் யாரும் அந்த வாசலை மிதிக்காமல் எழுத முடியாது.

அவருக்கு இருந்ததும் இதே அரிப்புதான் என்பேன். ஒரு வித்தியாசம் உண்டு. அவர் எடுத்த புத்தகத்தால் எந்த வீட்டுச் சுவரும் இறங்கவில்லை. கரையானுக்கும் பழைய பேப்பர் கடைக்கும் போகவேண்டியது அவர் கைக்குப் போனது.

செட்டிநாட்டு வீடே ஒரு பெரிய வாங்கல்தானே. பர்மாவிலிருந்து தேக்கு, இத்தாலியிலிருந்து வெள்ளைக்கல், ஜப்பானிலிருந்து பூ ஓடு, பெல்ஜியத்திலிருந்து கண்ணாடி. பர்மாவில் வட்டிக்கடை வைத்திருந்த நம் ஐயாக்கள் இதையெல்லாம் கப்பலில் கொண்டுவந்து இறக்கியபோது அவர்களுக்கும் யாராவது ஒரு வார்த்தை வைத்திருப்பார்கள். 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தான், கடையை அப்படியே விட்டுவிட்டு நடந்தே ஊர் திரும்பியவர்கள் உண்டு. அறுபதுகளில் பர்மாவின் நே வின் ராணுவ அரசாங்கம் மிச்சத்தையும் நாட்டுடைமையாக்கியது. வரவு நின்றது, வீடு மட்டும் அதே அளவில் நின்றது. இன்றைக்குக் கடைத்தெருவுக்கு வருகிற சாமான் அத்தனைக்கும் கணக்கு அங்கேதான் ஆரம்பம்.

#8 வளவு · மதுரை

மேலே உள்ளது அழகான கட்டுரை, ஆனால் கேள்விக்குப் பதில் இல்லை.

நான் கட்டடக்கலை படித்தவள். இந்த ஊர்களில் வீடுகளை அளந்து வரைபடம் போடுகிற வேலை செய்கிறேன். போன முறை அளந்த வீடு அடுத்த முறை போனால் மனையாகக் கிடக்கிறது. நடுவில் கல் திருகை மட்டும் கிடக்கும், அதைத் தூக்க ஆள் கிடைத்திருக்காது. செட்டிநாட்டு ஊர்களை 2014-லேயே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் சேர்த்தாகிவிட்டது. அந்தப் பட்டியல் ஒரு கடப்பாரையையும் தடுக்காது.

வீட்டை ஏன் உடைக்கிறார்கள்? முழு வீடாக வாங்க ஆள் இல்லை, துண்டு துண்டாக வாங்க ஆள் இருக்கிறது. தூணுக்கு பெங்களூரில் ஓட்டல், கதவுக்குக் கேரளாவில் ரிசார்ட், மங்குத் தட்டுக்கு மங்குக்கிண்ணம் அண்ணன். ‘நான் வாங்காவிட்டால் வேறொருவர் வாங்குவார்’ என்று அந்த ஒவ்வொருவரும் சொல்கிறார்கள். ஒவ்வொருவர் சொல்வதும் உண்மைதான். அந்த உண்மைகளைக் கூட்டினால் வருவது ஒரு காலி மனை.

நீங்கள் சொன்ன கிரேக்கச் சொல்லில் கெடுதல் என்று இருக்கிறதே, அது யாருக்கு? உங்கள் பர்ஸுக்கு என்று நீங்கள் நினைக்கிறீர்கள். வேண்டாம் என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.

#9 உளியும் கடையும்

வளவு அம்மா சொல்றதுல பாதி சரி. மீதிப் பாதியை நான் சொல்றேன்.

வீட்டை நாங்க போய் உடைக்கிறதில்லை. கூப்பிடுறாங்க. ஒரு வீட்டுக்குப் பன்னெண்டு, பதினாறு பங்காளி. ஒருத்தர் சிங்கப்பூர், ஒருத்தர் சென்னை, ஒருத்தர் எங்கன்னே தெரியாது. வருசத்துக்கு ஒருதரம் முன்னோருக்குப் படைப்பு போட வந்து திறந்து கூட்டி, மறுபடி பூட்டிட்டுப் போவாங்க. நடுவுல நாட்டு ஓடு ஒண்ணு விலகும். ஒரே ஒரு ஓடுதான். அந்த வழியா ஐப்பசி கார்த்திகையில தண்ணி இறங்கும், உத்திரம் ஊறும், கரையான் ஏறும். மூணு மழை பாத்த உத்திரத்தை நான் கையால பிச்சிருக்கேன். ஓடு மாத்த ஆளுக்கு இவ்வளவுன்னு போட்டா நாலு பேர் தருவாங்க, எட்டுப் பேர் தரமாட்டாங்க. தந்தவங்களுக்குக் கோபம் வரும். அடுத்த வருசம் அவங்களும் நிறுத்திருவாங்க. அதுக்கப்புறம்தான் எங்களுக்குப் போன் வரும்.

வேலை தெரிஞ்ச கொத்தனாரும் குறைஞ்சு போனாங்க. அந்தச் சுவர்ப் பூச்சைத் தொட்டுப் பாத்திருப்பீங்க, கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கும். சுண்ணாம்பைப் புளிக்க வச்சு, கடுக்காய்த் தண்ணி விட்டு, கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு சேத்து, கல்லால தேய் தேய்னு தேய்ச்சாத்தான் அது வரும். இப்ப சிமென்ட் வச்சு அடைக்கிறாங்க. சிமென்ட் சுண்ணாம்போட ஒட்டாது, ஈரத்தை உள்ளேயே பிடிச்சு வச்சுப் பாளம் பாளமா விழும்.

எனக்கு மட்டும் ஆசையா? எங்க அப்பா தச்சு வேலை பாத்தவர். சூரியப்பலகையைக் கழட்டுறப்ப உளி வைக்க மனசு வராது. வச்சுத்தான் ஆகணும், கூலி ஆளு காத்திருப்பான்.

#10 நாடி · திருச்சி

மனநலத் துறையில் வேலை பார்க்கிறேன். இணையத்தில் யாருக்கும் வைத்தியம் சொல்வதில்லை, பொதுவாகச் சில செய்திகள்.

அடக்கமாட்டாமல் வாங்குவதை ஜெர்மன் மனநல மருத்துவர் கிரேப்பலின் நூறு வருடத்துக்கு முன்பே ஒரு கோளாறாக எழுதி வைத்தார். இன்றும் அமெரிக்க மனநலக் கையேட்டில் அதற்குத் தனிநோய்த் தகுதி இல்லை. சேர்த்ததை விட மனமில்லாமல் வீடே நிறைந்துபோவதற்கு 2013 பதிப்பில் தனி இடம் கொடுத்தார்கள். அது வேறு, பொருளைத் தெரிந்து ரசித்துச் சேர்ப்பது வேறு. படுக்கக் கட்டிலில் இடமில்லை, கடன், வீட்டில் மறைப்பு என்று வரும்போதுதான் நாங்கள் பேச ஆரம்பிப்போம். அண்ணன் மறைப்பு வரைக்கும் வந்திருக்கிறார்.

அந்தத் தெரு ஏன் இழுக்கிறது என்பதற்கு உளவியலாளர் ஸ்கின்னரின் புறா ஆராய்ச்சியைப் பாருங்கள். பொத்தானைக் கொத்தும் ஒவ்வொரு தடவையும் தீனி வந்தால், தீனியை நிறுத்தியதும் புறா சீக்கிரம் விட்டுவிடும். எப்போது வரும் என்று சொல்ல முடியாதபடி அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தால் விடவே விடாது. பாத்திரக்கடைக்கு நீங்கள் தினமும் போவதில்லை, அங்கே இருப்பது நாளைக்கும் இருக்கும். பழஞ்சாமான் கடையில் இன்றைக்கு என்ன வந்து இறங்கியிருக்கும் என்று தெரியாது. ‘வெள்ளிக்கிழமைக்குள்’ என்று கெடு வைத்தால் கேட்கவே வேண்டாம்.

செய்து பார்க்கக்கூடியது: பணமும் கார்டும் இல்லாமல் போங்கள். பிடித்ததைப் படம் எடுங்கள், அடியில் உள்ள முத்திரையை நோட்டில் எழுதுங்கள். கண்டுபிடிக்கிற சந்தோஷம் பெரும்பாலும் அதிலேயே தீர்ந்துவிடும். செலவை வீட்டில் சொல்லிவிடுங்கள், கவுனி அரிசி ஆச்சி சொன்ன காரணத்துக்காகவும்.

#11 மங்குக்கிண்ணம்

எல்லாருக்கும் நன்றி. வளவு அம்மா பேச்சு சுருக்குன்னு இருந்துச்சு. ஆனா நியாயத்துக்கு ஒண்ணு கேக்குறேன்: அந்த வீடு எப்படியும் விழப்போகுது. விழுந்த பிறகு அந்தக் கதவு ஊர் பேர் தெரியாத ரிசார்ட்டுல நிக்கிறதைவிட, எந்த ஊர்க் கதவு, யார் வீட்டுக் கதவுன்னு தெரிஞ்ச ஒருத்தன்கிட்ட இருக்கிறது மேல் இல்லையா?

கதவைப் பத்திக் கேட்டவங்களுக்கு: உள்பெட்டியில ரெண்டு பேர் கேட்டீங்க, இங்கேயே சொல்லிடறேன். ஊர் பேர் வேண்டாம். ஆள் உசரத்துக்கு மேல நல்ல உயரம். பித்தளைக் குமிழ் எல்லாம் இருக்கு. நிலையில கீழேயிருந்து மேல வரைக்கும் கொடி, நடுநடுவே யாளி. சூரியப்பலகையில கஜலட்சுமிக்கு ரெண்டு பக்கமும் யானை, அதுக்கு வெளிய கிளி. ஒரு கிளிக்கு மூக்கு ஒடைஞ்சிருக்கு. உள்பக்கம் நாதாங்கிக்குக் கீழ மரம் கருகின தழும்பு மாதிரி ஒண்ணு, காமாட்சி விளக்கு பட்டதாயிருக்கும்னு கடைக்காரர் சொன்னார்.

#12 பினாங்குப் பேத்தி · கோலாலம்பூர்

அண்ணே, மூக்கு உடைஞ்சது எந்தப் பக்கக் கிளி? தெருவில் நின்று பார்த்தால் இடதா, வலதா?

#13 மங்குக்கிண்ணம்

இடது. ஏன்?

#14 பினாங்குப் பேத்தி

எங்கள் அப்பச்சி (அப்பா) சின்னப் பிள்ளையில் கிட்டி அடித்து உடைத்ததாகச் சொல்வார்கள். ஐயா அதற்காக அவர்களை ஒரு வேளை பட்டினி போட்டார்களாம். ஊர் பெயரை உள்பெட்டியில் அனுப்புங்கள்.

#15 பினாங்குப் பேத்தி

அனுப்பியதற்கு நன்றி. அது எங்கள் வீடுதான்.

இடிக்கப் போகிறார்கள் என்பதே எனக்கு இந்த இழையில்தான் தெரிகிறது. அப்பச்சி இறந்துவிட்டார்கள், நான் ஒரே பெண். பங்காளிகள் பேசி முடித்திருப்பார்கள் போல. என்னிடம் யாரும் கையெழுத்து கேட்கவில்லை. ‘பெண்பிள்ளைக்குச் சீர் செய்தாச்சு, வீட்டில் என்ன பங்கு’ என்று நினைத்திருக்கலாம். சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், நான் வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டேன், எனக்குப் பேச உரிமை உண்டா?

#16 கோர்ட்டு வாசல் · சிவகங்கை

உண்டு ஆச்சி. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 2005 செப்டம்பர் 9 முதல் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்பால் பங்கு. தமிழ்நாடு 1989-லேயே ஒரு திருத்தம் கொண்டுவந்தது, அப்போது கல்யாணம் ஆகாத பெண்களுக்கு மட்டும். 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்கவேண்டுமா என்ற குழப்பத்தையும் உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 11-ல் தீர்த்துவிட்டது, இருந்திருக்கத் தேவையில்லை. சீர் கொடுத்தது பங்குக்கு ஈடாகாது. வெளிநாட்டுக் குடியுரிமையால் பரம்பரைச் சொத்தில் வாரிசுரிமை போகாது.

பார்க்கவேண்டியது: 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாகப் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்பது. சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பிரிவினை ஆகாத வீடு என்றால் மற்றப் பங்காளிகள் தங்கள் பங்கை விற்கலாம், உங்கள் பங்கையும் சேர்த்துக் கதவும் தூணுமாகக் கழட்ட முடியாது. முதலில் வக்கீல் நோட்டீஸ், அசையாவிட்டால் தடையுத்தரவு. இன்றைக்கே ஆள் பிடியுங்கள், இடித்த பிறகு வழக்குப் போட்டால் நஷ்டஈடுதான் கிடைக்கும், வீடு கிடைக்காது.

#17 கொட்டான்

கதவு வாங்க யோசனை கேட்டு ஆரம்பிச்ச இழைங்க இது!

#18 வளவு

பினாங்குப் பேத்தி, நீங்கள் உள்பெட்டியில் சொன்ன ஊரில் தெற்குத் தெருவை நான் அளந்திருக்கிறேன். உங்கள் வீட்டு முகப்பின் வரைபடமும் படங்களும் என்னிடம் இருக்கின்றன. எந்தத் தேதியில் வீடு எந்த நிலையில் இருந்தது என்பதற்குச் சான்றாக உதவும். அனுப்புகிறேன்.

#19 உளியும் கடையும்

ஆச்சி, நீங்க உள்பெட்டியில சொன்ன ஊரை வச்சு விசாரிச்சுட்டேன். காண்ட்ராக்ட் எடுத்தவர் எனக்குத் தெரிஞ்சவர்தான். ஒரு பங்காளிகிட்ட அட்வான்ஸ் கொடுத்திருக்கார், எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கியாச்சுன்னு அவர்கிட்ட சொல்லியிருக்காங்க. வாங்கலைன்னு நான் சொன்னேன். வம்பு வழக்குள்ள வீட்டுல கை வைக்க அவருக்கும் பிடிக்காது, பணம் முடங்கிரும். நோட்டீஸ் வர்ற வரைக்கும் ஆள் இறக்க மாட்டார். மாடிப் பக்கத்து ரெண்டு ஜன்னல் மட்டும் ஏற்கனவே போயிருச்சு, யார் எடுத்தாங்கன்னு பாக்குறேன். கதவு இருக்கு.

#20 மங்குக்கிண்ணம்

நான் அட்வான்ஸ் எதுவும் கொடுக்கல. வேண்டாம்னு கடைக்காரருக்குச் சொல்லியாச்சு. சொன்ன கையோட ‘அப்ப வேற ஒரு ஊஞ்சல் பலகை வந்திருக்கு பாக்குறீங்களா’ன்னு படம் அனுப்புறார். படத்தை அழிக்கல, ஆனா பதிலும் போடல. நாடி சார் சொன்ன மாதிரி வீட்டுல கணக்கைச் சொன்னேன். நான் சொன்ன தொகையைவிட அவ வச்சிருந்த தொகை அதிகமா இருந்துச்சு. ரெண்டு பூட்டை நான் விட்டுட்டேனாம்.

#21 கவுனி அரிசி

சொன்னேன்ல.

#22 பினாங்குப் பேத்தி

நோட்டீஸ் போய்விட்டது. ரெண்டு பங்காளிகள் போன் செய்தார்கள், ஒருவர் கோபமாக, ஒருவர் ‘நீயாவது கேட்டியே’ என்று. அவரும் மனசில்லாமல்தான் கையெழுத்துப் போட்டாராம். வீட்டை என்ன செய்வது என்று பிறகு பேசிக்கொள்ளலாம், இப்போதைக்கு ஓடு மட்டும் மாற்றிவிடலாம் என்று அவர் சொல்கிறார். அவருக்குப் பாதி, எனக்குப் பாதி. நாட்டு ஓடு வேலை தெரிந்த ஆள் யாராவது இருக்கிறார்களா?

#23 உளியும் கடையும்

இருக்காங்க ஆச்சி, நம்பரை உள்பெட்டியில போடுறேன். ஆடிக் காத்து ஓய்ஞ்சதும் ஏறச் சொல்லுங்க, புரட்டாசிக்குள்ள முடிக்கணும். புது ஓடு அளவு சேராது. இடிச்ச வீட்டுப் பழைய ஓடு என்கிட்ட அடுக்கிக் கிடக்கு, அதையே போடலாம். ஓட்டைத் தாங்குற மரச்சட்டம் எத்தனை மாத்தணும்னு மேல ஏறிப் பாத்துட்டுத்தான் சொல்ல முடியும். சாவி யார்கிட்ட இருக்கு?

#24 பினாங்குப் பேத்தி

கோயில் வீட்டுப் பங்காளியிடம். நீங்கள் வருவீர்கள் என்று சொல்லி வைக்கிறேன். மாடி ஜன்னல் போன இடத்தில் தற்காலிகமாக எதையாவது அடிக்க முடியுமா?

#25 உளியும் கடையும்

தகரம் அடிச்சுத் தர்றேன்.